ஆடாத கைப்பிடி

எங்கள் ஊரில் ரத்தக்குழாய் என்று ஒன்று கிடையாது. எல்லாம் நரம்புதான். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு, ஊசி போடும்போது நர்ஸம்மா தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு, கோபத்தில் நெற்றியில் துடிப்பதும் நரம்பு. பிசியோதெரபி படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் வேறு வேறு என்று மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் படம் போட்டுப் பிரித்துக் காட்டினார்கள். விடுமுறைக்கு வந்தபோது பெரிய விஷயம்போல அம்மாவிடம் சொன்னேன். மடியில் சொளகை வைத்துப் பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், "அப்பம் நரம்புல ரத்தம் ஓடலன்னா பொறவு எதுலய்யா ஓடுது?" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பாவம், படித்துக் களைத்துப்போய் வந்திருக்கிறான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் மறுபக்கம் வழியாக வெளியே வந்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் யாருக்கு எது வலித்தாலும் என்னிடம் வருவார்கள். மாத்திரை அட்டையை நீட்டி இது எதுக்கு என்பார்கள். பல்வலிக்கும் நான், மாட்டுக்கு வயிறு ஊதினாலும் நான். தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொல்ல மனசில்லை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். படித்தவனுக்குத் தெரியாமல் இருக்க முடியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்த நரம்புக்கு எங்கள் பக்கம் இன்னொரு கதையும் உண்டு. பஸ் ஸ்டாண்டு மதிலில், பாலத்துத் தூணில், கழிப்பறைச் சுவரில் எல்லாம் ஒட்டியிருக்கும்: நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம். இன்ன லாட்ஜில் இன்ன கிழமை வைத்தியர் வருகிறார். அந்த நோட்டீசை நம்மூர் ஆண்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் படிப்பார்கள். என்ன தளர்ச்சி என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆம்பளை என்றால் நரம்பு முறுக்கேறி இருக்க வேண்டும். தளர்ச்சி என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட ஒருவரும் நிற்க மாட்டார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், அந்தத் தாளை எழுதும்போது மட்டும் ஏனோ ஞாபகம் வரவில்லை.

தாள் என்றது, நான் வேலை பார்க்கும் பாளையங்கோட்டை பிசியோதெரபி மையத்துக்கு அதிர்வுப் பலகை வந்தபோது எழுதியது. எடை பார்க்கும் மிஷினைப் பெரிதாக்கிக் கைப்பிடி வைத்தாற்போல இருக்கும். அதன்மேல் ஏறி முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றால் போதும். பலகை அதிரும். நாம் நினைக்காமலே காலின் தசைகள் இறுகுவதும் நெகிழ்வதுமாக இருக்கும். நடக்க முடியாத முதியவர்களுக்கு இது ஒரு நடை மாதிரி என்று மையத்தை நடத்தும் மேடம் சொன்னார். தசை வேலை செய்தால் காலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். வேகமாகப் பாயும் ரத்தம் குழாயின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு போகும். அந்த உரசலை உணர்ந்து குழாய் தன்னை அகட்டிக் கொடுக்கும். வயதாக ஆகக் குழாய்கள் விறைத்துப்போகின்றன. இப்படித் தினமும் அகட்டிப் பழக்கினால் அந்த விறைப்பு கொஞ்சம் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில, பெரிய மாற்றம் ஒன்றும் காணோம் என்கின்றன. ஆள் குறைவு, காலம் குறைவு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி ஆட்டியிருக்கிறார்கள். மேடம் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு, வருகிறவர்களுக்குப் புரிகிற மாதிரித் தமிழில் ஒரு தாள் எழுதச் சொன்னார். மையத்தில் வேலை பார்க்கிற மற்றவர்கள் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷில் படித்தவர்கள். தமிழ் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

நான் எழுதினேன்: இரத்தக்குழாய்களின் விறைப்பைக் குறைத்துத் தளர்வை அளிக்க உதவலாம். 'உதவும்' என்று எழுதாமல் 'உதவலாம்' என்று எழுதியதில் எனக்கு ஒரு பெருமை. நேர்மையான சொல் என்று நினைத்தேன்.

ஒருவரும் பலகை பக்கம் வரவில்லை. தோள்பட்டைக்கு ஒத்தடம் வாங்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். "தம்பி, தளர்ச்சி வேண்டாம்னுதான் ஊருக்காரன் துட்டக் குடுத்துட்டு அலையுதான். நீங்க என்னன்னா துட்டயும் வாங்கிக்கிட்டுத் தளர்ச்சியவும் குடுக்கேங்கிய" என்றார். மேடத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உள்ளறைக்குப் போய்ச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பலகைமேல் நான் ஏற்ற நினைத்திருந்த முதல் ஆள் என் அப்பா.

அப்பா குவாரியில் கம்ப்ரசர் வேலை பார்த்தவர். பாறையில் வெடிக்குழி போடுகிற வேலை. காற்று அழுத்தத்தில் ஓடும் துளைப்பு மிஷினை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து அமுக்க வேண்டும். அது துள்ளும், இவர் அமுக்குவார். வாலிபத்தில் தொடங்கி முழங்கால் கைவிடும் வரைக்கும் அமுக்கினார். மார்கழிக் காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் மெழுகுத்திரி மாதிரி வெளுத்துவிடும். அப்போது தீப்பெட்டியைக்கூடப் பிடிக்க வராது. கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது மிஷின் ஆட்டிய ஆட்டத்தில் விரலில் உள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பழகிப்போனதால் வருவது என்று படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் சொன்னபோது, அது குளிருதாம்லே என்றார்.

இப்போது ரத்த அழுத்தம், விறைத்த குழாய், முழங்கால் தேய்மானம் எல்லாம் சேர்ந்துவிட்டன. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும், நின்றால் விடும். கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள், பீடியை விடச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். பீடியை விட்டுவிட்டார். வீடு முழுக்க அம்மாவின் பீடித்தூள் வாசம் இருக்க, அவர் அதை விட்டதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. நடைதான் முடியவில்லை. ஒரு நாள் வாசல் சாக்கடைப் பக்கம் விழுந்தார். அம்மாவால் தூக்க முடியவில்லை. நான் வேலையிலிருந்து வரும்வரை அங்கேயே தலைக்கு ஒரு சாக்கு வைத்துப் படுத்திருந்தார். போகிற வருகிறவர்களிடம் காற்றுக்காகப் படுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு அவர் எங்கே போனாலும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றாயிற்று. அந்த ஆள் நான்.

எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுக்களையும். அப்பாவின் கட்டிலைத் தெரு தெரியட்டும் என்று கதவை ஒட்டிப் போட்டிருந்தோம். கால் நீட்டிப் படுத்தால் வாசலை மறிக்கும். வெளியே போக வேண்டும் என்றால், "எப்பா, கால மடக்குங்க" என்று நான் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு முழங்காலாக இரண்டு கையாலும் தூக்கி மடக்குவார். அதற்குள் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பேன். காலையில் ஒரு தடவை, திரும்ப வரும்போது ஒரு தடவை. சில நாள் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது, நான் இந்த வாசலைத் தாண்டி எங்கும் போகப் போவதில்லை என்று தோன்றும். உடனே இன்னொரு நினைப்பு வரும்: தாண்டிப் போக என்னைப் படிக்க வைத்ததே இந்தக் கால்தான். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று தள்ளாது. இரண்டும் உள்ளேயே கிடக்கும்.

கோயம்புத்தூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மேடம் படித்த கல்லூரி. என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லி வைத்திருந்தார். ஆவணியில் சேர வேண்டும். அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் கணக்கு எளிமையானது. அதற்குள் பலகையில் நிற்க வைத்து அப்பாவின் காலில் கொஞ்சம் பலம் ஏற்றிவிட்டால், அவர் தானே எழுந்து தெருமுனை வரை போய்வர முடிந்தால், நான் போகலாம். முடியாவிட்டால் போக முடியாது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் பலகையைப் பற்றிச் சொல்லிக் கேட்டேன். அப்பாவைப் பரிசோதித்துவிட்டு, கொஞ்சமாக ஆரம்பியுங்கள், ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்கும் முன்னே அந்தத் தாள் ஊருக்குள் போய்விட்டது.

மேலப்பாளையத்து ஆட்டோ பாய் ஒருவர்தான் எங்களுக்கு வாடிக்கை. மையத்துக்கு யாரையோ கொண்டுவந்து விட்டவர், நம்ம தம்பி எழுதியதாச்சே என்று ஒரு தாளை எடுத்துப்போய்த் தெருமுனை டீக்கடையில் காட்டியிருக்கிறார். பெருமையாகத்தான் காட்டினாராம். அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே நடை அந்த டீக்கடைவரை போகிற நடை. என் தோளையோ வேறு யார் தோளையோ பிடித்து, இடையில் ரெண்டு இடத்தில் நின்று, போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறார். குவாரியில் கூட வேலை பார்த்த ஒருவர் தாளைச் சத்தமாக வாசித்துவிட்டு, "என்னவே, ஒம்ம மவன் ஒமக்கு நரம்புத் தளர்ச்சி வைத்தியம் பாக்கப் போறானாமே. இந்த வயசுல அதச் சரியாக்கி என்னத்தவே செய்யப்போறீரு?" என்றாராம். கடை முழுக்கச் சிரிப்பு. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டாராம். இதை ஆட்டோ பாய்தான் பிறகு என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். அப்பா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, வீட்டில் கொண்டு விடு என்றாராம்.

அதோடு டீக்கடையும் நின்றது. கட்டில், வாசல், அடுக்களைக்குப் பின்னாலுள்ள கழிப்பறை. அவர் உலகம் அவ்வளவு. தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு போனால் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வார்.

நான் உட்கார்ந்து விளக்கினேன். இது அந்தத் தளர்ச்சி இல்லை, இது குழாய், அது நரம்பு என்றேன். அம்மா மூலையில் ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வேறு சொல் கிடைத்துவிட்டது போலிருந்தது. தளர்ச்சி என்று சொல்ல வேண்டாம்ப்பா, பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த இலை சுருட்டினால் உடையும், பதமான இலைதானே வளையும் என்றேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அப்பம் என்னயவும் நனச்சுத் துணியில சுத்தி வையி" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவரே சொன்னார்: "இறுகித்தாம்லே இத்தன வருசமும் நின்னேன். தளந்தா விழுந்துருவேன்."

இதையே கல்லூரியில் கேட்டிருந்தால் பதில் எழுதியிருப்பேன். அந்தக் கட்டிலின் முன்னால் நான் படித்தது எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, அவருடைய உடம்பு தமிழில் இருந்தது. நடுவில் ஒரு சொல் வேண்டும். நான் எடுத்துக் கொடுத்த எந்தச் சொல்லும் அவருக்கு அவமானமாகவோ சிரிப்பாகவோதான் போய்ச் சேர்ந்தது. வேலைக்குப் போனால் மேடம், அப்பா எப்போது வருகிறார் என்பார். வீட்டுக்கு வந்தால் அந்தக் கால்கள். ஆற்றுப்பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் எந்தப் பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம். நெரிசல் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று இருக்கும்.

கடைசியில் எந்தச் சொல்லும் வேலை செய்யவில்லை. அம்மா கோயம்புத்தூர் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். எப்போது சொன்னாள் என்று தெரியாது. ஒரு நாள் காலையில் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா காலை மடக்கவில்லை.

"நான் அதுல ஏறி நின்னா நீ போவியா?"

நான் எங்கே என்று கேட்கவில்லை. போவேன் என்றேன்.

"அப்பம் ஆட்டோவக் கூப்புடு. சுத்திப் போவச் சொல்லு. அந்தக் கட வழியா வேண்டாம்."

மையத்தில் பலகையைச் சுற்றி ஒரு பச்சைத் திரை உண்டு. அதற்குள் அப்பாவை ஏற்றினேன். கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். முழங்காலை லேசாக மடக்கச் சொன்னேன். மேடம் மிகக் குறைந்த அளவில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். பலகை முனகத் தொடங்கியது.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் இடது கால் தானாக ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. தோள் இறங்கியது. நெஞ்சு கைப்பிடிமேல் சாய்ந்தது. கண் சுருங்கியது, கல் தூசிக்குச் சுருக்குகிற மாதிரி. அந்தக் கைப்பிடியைத் தன் எடை முழுவதையும் கொடுத்துக் கீழ்நோக்கி அமுக்கத் தொடங்கினார். பாறை இல்லாத இடத்தில் குழி போட்டுக்கொண்டிருந்தார். மிஷின் சத்தம் மாறி அடித்தொண்டையில் உறுமியது. மேடம் ஓடிவந்து நிறுத்தினார்.

அப்பா கையை எடுத்துப் பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் வெளுத்திருந்தன. சித்திரை வெயில் வெளியே தீயாய்க் காய்ந்துகொண்டிருந்தது. குளிர் என்று அவர் சொல்லவில்லை.

"இவன அமுக்கித்தாம்லே பழக்கம்" என்றார் பலகையைப் பார்த்து. "இவன் என்னன்னா என்னயத் தூக்குதான்."

மேடம் என்னை வெளியே கூப்பிட்டு, அவர் கை எதையும் பிடிக்கக் கூடாது என்றார். எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. கால் வழியாக, கொஞ்ச நேரம், மெதுவாக வருகிற அதிர்வு அவருக்கு நல்லது செய்யலாம். அதே அதிர்வு கை வழியாக ஏறினால், வருசக்கணக்காக அந்த விரல்களைக் கெடுத்ததையே மேலும் கொஞ்சம் செய்யும். ஆட்டம் ஒன்றுதான். எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பதில்தான் விஷயம். கைப்பிடி பலகையோடு சேர்ந்து ஆடுவது. அதைப் பிடிக்கக் கூடாது. பிடிக்காமல் நின்றால் விழுவார். பக்கத்துச் சுவர் எட்டாத தூரம். வாக்கரை வைத்தால் அதையும் அமுக்கிச் சாய்த்துவிடுவார். ஆடாத கைப்பிடி ஒன்று வேண்டும்.

நான் தரையில், அவருக்கு எதிரே போய் நின்றேன். "எப்பா, என் தோள்ல கை வையுங்க. அமுக்க வேண்டாம். சும்மா வையுங்க."

வைத்தார். மேடம் மறுபடி பொத்தானை அமுக்கினார். அப்பாவின் உடம்பு வழியாக மிச்ச அதிர்வு அந்தக் கைகளில் இறங்கி என் தோளுக்கு வந்தது. ரொம்பக் குறைவுதான். ஓடுகிற பஸ்ஸின் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்தாற்போல. அவர் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. எவ்வளவோ காலமாக அப்படிப் பார்த்ததில்லை. இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் என் தலைக்கு மேலே திரைக் கம்பியைப் பார்த்தார். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் குலுங்கி எழுத்தெல்லாம் உடைந்து வந்தது. அதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பேசாமல் இருங்கள் என்றேன்.

அப்படியே ஒன்று விட்டு ஒரு நாள் போனோம். டீக்கடையைச் சுற்றிக்கொண்டு போன ஆட்டோவை ஒரு நாள் பாய் மறந்துபோய் அந்தக் கடை வழியாகவே விட்டார், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கட்டிலிலிருந்து கையை ஊன்றாமல் எழ ஆரம்பித்தார். ஒரு நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற நான் குரல் கொடுக்கும் முன்னாலேயே காலைத் தானே மடக்கினார். கையால் தூக்காமல். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "என்னலே, போ" என்றார்.

குழாய் இளகியதா என்று எனக்குத் தெரியாது. அதை அளக்கிற கருவி எங்கள் மையத்தில் இல்லை. ரத்த அழுத்தம் சில நாள் இறங்கியிருக்கும், சில நாள் பழையபடி இருக்கும். மாத்திரையாலா, பலகையாலா, பீடியை விட்டதாலா, சொல்ல முடியாது. அப்பா கேட்டபோது தெரியவில்லையப்பா என்றுதான் சொன்னேன். எங்கள் தெருவில் நான் தெரியாது என்று சொன்னதை நம்பிய முதல் ஆள் அவர். "காலு நிக்கி. அது போதும்" என்றார். தாளை மாற்றி எழுதினேன். தளர்வு என்ற சொல்லை எடுத்துவிட்டுக் காலுக்குப் பலம் தரலாம் என்று மட்டும் போட்டேன். வாத்தியார் தோளை மறந்துவிட்டு முதல் ஆளாக வந்து ஏறினார்.

ஆனால் நான் எண்ணிப் பார்க்காத ஒன்று இருந்தது. அப்பாவை எழுப்பி நிறுத்தி என்னை விடுவிக்க வேண்டிய மிஷின், நான் இல்லாமல் அவரை நிற்க வைக்காது. பயிற்சியை விட்டால் கால் பழையபடி ஆகிவிடும். பயிற்சி வேண்டும் என்றால் கைப்பிடி வேண்டும். கைப்பிடி நான். மையத்தில் மற்ற எல்லாரும் பெண்கள். நான் போன பிறகு தங்களில் யாராவது பிடித்துக்கொள்கிறோம் என்று மேடம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வயசுப் பிள்ளை தோளில் கை வைக்கவா என்று ஆட்டோவில் என்னிடம் கேட்டார். ஆட்டோ பாய் தான் வருவதாகச் சொன்னார். சவாரி வந்தால் அவர் எப்படி வர முடியும்? ஆடி பாதி கடந்துவிட்டது. நான் வருகிறேனா இல்லையா என்று கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. ஒவ்வொரு முறை அப்பாவின் கை தோளில் இறங்கும்போதும், அந்தக் கை என்னை நட்டு வைப்பதுபோல இருந்தது. லேசாகத்தான் வைப்பார். அமுக்கவே மாட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

எனக்குப் பதில் அம்மா நிற்கட்டும் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. அம்மா சொளகைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் பிறர் முன்னால் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. சாக்கடைப் பக்கம் விழுந்த அன்றுகூட அம்மா அவருடைய வேட்டியைத்தான் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"நாலு பேரு பாக்க ஒங்கம்மையப் புடிச்சிக்கிட்டு நான் அதுல நின்னு ஆடவா?" என்றார் அப்பா. "டீக்கடையில ஒரு மாசத்துக்குச் சிரிப்பானுவொ."

அம்மா சொளகை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. நான் மனதுக்குள் கோயம்புத்தூரைக் கைவிட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நின்றுகொண்டு வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை ஆட்டோ வந்து நின்றபோது அம்மாவும் வந்து ஏறினாள். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அம்மா திரைக்குள் வந்து பலகையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அப்பாவுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "பொறத்தால இருந்து வச்சா என்ன? மூஞ்சியவா புடிக்கப் போறிய?" என்றாள் சுவரிடம்.

அப்பா பலகையில் ஏறினார். கையை நீட்டினார், எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, நீ எதுக்கு இங்கன நிக்க? வெளிய போ."

"விழுந்துட்டியன்னா?"

"விழுந்தா அவ மேலதான விழுவேன்."

"விழுந்து பாருங்க" என்றாள் அம்மா.

நான் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்து திரையை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும் மிஷின்தான். ஆனாலும் எட்டிப் போக முடியவில்லை. திரைக்குக் கீழே அம்மாவின் குதிகால் தெரிந்தது, தரையில் ஊன்றி. அதற்குப் பின்னால் அப்பாவின் கால், பலகையில். பலகை முனகிக்கொண்டிருந்தது. அதோடு நான் இதுவரை அங்கே கேட்டிராத ஒரு சத்தமும். என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவின் கண்ணாடி வளையல். அதிர்வு அப்பாவின் கை வழியாக இறங்கி, அவள் தோள் வழியாகக் கைக்குப் போய், வளையல்களை இடைவிடாமல் ஒன்றோடொன்று தட்ட வைத்துக்கொண்டிருந்தது. நான் நின்றபோது அந்த ஆட்டம் சத்தமில்லாமல் என் உடம்புக்குள் போயிருக்கிறது.

மேடம் பக்கத்தில் வந்து நின்றார். திரைக்குக் கீழே இருந்த கால்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, கோயம்புத்தூருக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டார்.

பண்ணுங்க மேடம் என்றேன். அவர் போனார். மிஷின் நின்றது. வளையலும் நின்றது. உள்ளே இருவரும் உடனே வெளியே வரவில்லை. நானும் திரையை விலக்கவில்லை. நகரவும் இல்லை. போகலாம் என்று ஆகிவிட்ட பிறகு எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று தெரியாமல், தோள் இரண்டையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடியே அங்கே நின்றேன்.